ஊக்கு இருக்குதா, அத்தை?

ஊக்கு வேண்டுமென்றால் எங்கள் தெருவில் யாரும் கடைக்குப் போவதில்லை. எதிர்வீட்டு அத்தையிடம் போவார்கள். ஊக்கு, தைலம், கறுப்பு நூல் கோத்த ஊசி, பல்வலிக்குக் கிராம்பு, கைக்குழந்தைக்கு வசம்பு, டார்ச்சுக்கு செல், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அட்டை. வாசலில் நின்று "அத்தை, இருக்குதா?" என்று குரல் கொடுத்தால் போதும். என்ன வேண்டுமென்று சொல்வதற்கு முன்பே "இருக்குது, இரு" என்ற பதில் உள்ளேயிருந்து வந்துவிடும். நான் பிறந்ததிலிருந்து எதிர்வீடு. "இல்ல" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு அவர் ரத்த உறவு கிடையாது. மரக்காணத்தில் அம்மாவும் அவரும் ஒரே உப்பளத்தில் உப்புக்கூடை தூக்கியவர்கள். அந்த வழியில் அத்தை.

அவருடைய வாயில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். "இல்லேன்னா?" வேறு யாருக்கும் தோன்றாத இடத்தில் அவருக்கு அது தோன்றும். நான் திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போன முதல் நாள், பஸ் ஸ்டாப்பில் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். உள்ளே இரண்டு பேனா, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு மெழுகுவர்த்தி.

"மெழுகுவர்த்தி எதுக்கு அத்தை?"

"கரண்டு இல்லேன்னா?"

"பகல்லதான காலேஜு."

"பகல்ல கரண்டு இல்லேன்னா இன்னா பண்ணுவே?"

மெழுகுவர்த்தியோடுதான் பஸ் ஏறினேன். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற எங்கள் மாதா கோயில் பங்குக் கூட்டத்துக்கும் இதற்குப் பதில் தெரியாது. அவர்கள் பதில் தேடுவதையே விட்டுவிட்டார்கள். அத்தை வருகிறார் என்று தெரிந்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு கிளம்பிவிடுவார்கள். கால் கொப்புளத்துக்கு மருந்து அத்தையிடம். கொடிக்கயிறு அத்தையிடம். ஒரு தடவை, பல்செட் கட்டிய பெரியவர் ஒருவர், ராத்திரி பல்லைக் கழற்றி வைக்க டப்பா கொண்டுவரவில்லை என்று கடலூரில் நின்று புலம்பினார். அத்தையிடம் டப்பா இருந்தது. மூடியோடு.

இப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் என் வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, "எனக்கு மலைக்குப் போவணும்டி" என்றார்.

அதற்கு விதை போட்டது ஒரு மலைக்காரப் பெண். கல்வராயன் மலையிலிருந்து புருஷனோடு கூலிக்கு வந்து ஒரு பருவம் எங்கள் உப்பளத்தில் வேலை செய்தாள். ஒரு மதியம் சாப்பிடும்போது அத்தையிடம் சொல்லியிருக்கிறாள்: "எங்க ஊருக்கு மேல ஒரு பொழுது நடந்தா எங்கப்பாவோட காட்டுக் கொட்டாய் இருக்குதுக்கா. அங்க யாருமே வர மாட்டாங்க."

"யாருமேயா?"

"காத்து வரும். எப்பவாச்சும் கரடி வரும்."

கரடியைப் பற்றி அத்தை ஒன்றும் கேட்கவில்லையாம். "யாருமேயா?" என்றுதான் மறுபடி கேட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னது இது.

"அங்க போய் இன்னா அத்தை பண்ணப் போறீங்க?" என்றேன்.

அவர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு நாளு. யாரும் எங்கிட்ட எதுவும் கேக்காத எடத்துல இருந்து பாக்கணும். அவ்ளோதான். அதுக்கப்பறம் வந்து எல்லாருக்கும் ஊக்கு குடுக்கறேன்."

சொல்லி முடிக்கவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டி, "அத்தை இங்க இருக்குதா?" என்றார்கள். அத்தை என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்தது.

திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. அது நியாயம்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான். முதல் பட்டதாரி சான்றிதழை லேமினேட் செய்து மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தோம். அதிலும் நான் படித்தது புவியியல். மலைக்குப் போக வேண்டிய ஒருவர் என்னிடம் வராமல் வேறு யாரிடம் போவார்? நானும் கூட வருகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அத்தை சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. நான் சரியென்று எடுத்துக்கொண்டேன்.

எப்போது போவது என்பதில் முதல் பிரச்சினை. ஊரெல்லாம் வெயில் காலத்தில் மலைக்குப் போகும். எங்களுக்கு வெயில்தான் வேலை. பாத்தியில் மழைத்தண்ணீர் நின்று உப்பு கரைந்துபோனால்தான் லீவு. அதனால் ஐப்பசியில் முதல் மழை விழுந்தவுடன் புறப்படுவது என்று முடிவானது. போனில் இதைக் கேட்ட மலைக்காரப் பெண் சிரித்தாள். "மழையிலயாக்கா? அட்டை புடுங்கும்." அத்தை உடனே தன் மனதில் இருந்த பட்டியலில் ஒரு பொருளைச் சேர்த்தார். அட்டைக்கு உப்பு. அது மட்டும் எங்களிடம் பஞ்சமில்லை.

அடுத்தது மேப். மலைக்காரப் பெண்ணின் ஊரிலிருந்து காட்டுக் கொட்டாய் வரை போகிற மலைப்பகுதியை நான் இணையத்தில் தேடி எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் பிரிண்ட் போட்டு வந்தேன். தரையில் விரித்ததும் அத்தையின் முகம் மலர்ந்தது. மலையைச் சுற்றி நெளிநெளியாக ஓடிய கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"எவ்ளோ வரப்பு கட்டி வெச்சிருக்கானுங்க பாரு. நம்ம அளம் மாதிரியே இருக்குது."

"அது வரப்பு இல்ல அத்தை. சமஉயரக் கோடு. ஒரே உயரத்துல இருக்கிற எடத்தையெல்லாம் சேத்துப் போட்ட கோடு." நான் வகுப்பெடுக்கும் குரலில் சொன்னேன். அந்தக் குரலுக்காகவே புவியியல் படித்தேன் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஒரே உயரமா? அப்ப இந்தக் கோட்டு மேலயே நடந்தா ஏறவே வேணாம்."

"ஏறவே வேணாம்தான். ஆனா மலையைச் சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வந்துடுவீங்க."

அத்தை யோசித்தார். "சாயங்காலத்துக்குள்ள வந்துடலாமா?"

இப்போது சென்னையில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியில் மேப் போடுவதுதான் என் வேலை. நல்ல வேலை, நல்ல சம்பளம், என் பெயர் போட்ட அட்டை கழுத்தில் தொங்குகிறது. ஆனால் சமஉயரக் கோடுகளைப் பார்க்கும்போது எனக்கு மலை தெரிவதில்லை. வரப்பில் அத்தை நடந்து வருவதுதான் தெரிகிறது.

அவர் அப்படி வரப்பில் நடந்ததற்குக் காரணம் ஒரு பை. பெரிய முதலியார்சாவடியில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் அத்தையின் ஒன்றுவிட்ட தங்கை கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தாள். யாரோ விட்டுப்போன முதுகுப் பை ஒன்றை அவள் கொண்டுவந்து கொடுத்தாள். ஆள் உயரம். எந்த வாரை எதில் மாட்டுவதென்று யாருக்கும் தெரியவில்லை. அத்தையின் வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா, அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது பையா, குதிரைக்குப் போடறதா?" என்றார்.

மாமாவுக்கு இந்தப் பயணமே பெரிய வேடிக்கை. "மலை ஏறப் போறாளாம். மரக்காணத்துல பெரிய மேடுன்னா ஈ.சி.ஆர் ஸ்பீடு பிரேக்கருதான். அதுல ஏறுனாலே இவளுக்கு மூச்சு வாங்கும்."

"நீ ஏறுனா வண்டிக்கே மூச்சு வாங்குது" என்றார் அத்தை.

பையை நிரப்பும் வேலை தொடங்கியது. அரிசி. புளி. மண்ணெண்ணெய் ஸ்டவ் வேண்டாம் என்று நான் சண்டை போட்டு வெளியே எடுத்தேன். கிராம்பு, வசம்பு. ("அங்க கொழந்தையே கெடையாது அத்தை." "வந்துடுச்சுன்னா?") மூன்று டப்பா தைலம். பல்செட் டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில், உப்புக் குவியல் மழையில் நனையாமல் மூடுவதற்கென்று உப்பளத்தில் வைத்திருக்கும் தார்ப்பாய். லாரி அளவு.

"அத்தை, நாம ரெண்டு பேரு. இதுல ஊரே ஒதுங்கலாம்."

"மழை பேஞ்சா?"

"கொட்டாய் இருக்குதில்ல?"

"கொட்டாய் இல்லேன்னா?"

கனம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதுதான் சிக்கல். அதைவிடக் கனமான கூடையை வருஷக்கணக்காகத் தூக்கியவர். ஆனால் எல்லாம் தலைச்சுமை. ஒத்திகைக்காக உப்பளத்துக்குப் போனோம். நான் பையை அவர் முதுகில் மாட்டி, வார்களை இழுத்துக் கட்டினேன். நாலு எட்டு வைத்தார். நின்றார். திரும்பிப் பார்த்தார். மறுபடி நாலு எட்டு. மறுபடி திரும்பிப் பார்த்தார்.

"இன்னா அத்தை?"

"பின்னால இருந்து யாரோ புடிச்சி இழுக்கற மாதிரியே இருக்குதுடி. யாருன்னு பாக்கத் தோணுது."

கழற்றினார். துண்டைச் சுருட்டிச் சும்மாடு ஆக்கித் தலையில் வைத்தார். அதன்மேல் பையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையை வீசி, வரப்பில் விறுவிறுவென்று நடந்தார். யானைக் காது போல இரண்டு பக்கமும் வார்கள் ஆடின. பாத்தியில் நின்ற கொக்குகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. நானும் நின்று பார்த்தேன். சமதரையில் அது அவ்வளவு அழகாக இருந்தது.

சமதரையில்தான். பெருமுக்கல் மலையில் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் மலையென்று கை காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. மேலே சிவன் கோயில். "கும்பிடறவங்க கும்பிடட்டும், நாம ஏறிப் பாப்போம்" என்று அத்தை சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை மதியம் தலையில் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினார்.

கீழே இருக்கும்வரை ராணி மாதிரி நடந்தார். ஏறத் தொடங்கியதும் பை பின்பக்கம் சரிந்தது. ஒரு கையால் பிடித்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்தார். பாறையைப் பிடிக்கக் கை இல்லை. ஒரு வேப்பங்கிளை பையை மட்டும் நிறுத்திக்கொண்டு அத்தையை விட்டுவிட்டது. நான் பின்னால் நின்று இரண்டையும் தாங்கினேன்.

"முதுகுல மாட்டுங்க அத்தை."

"பேசாம வாடி."

அதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. பாதி வழியில் ஒரு பையனுக்குச் செருப்பு வார் அறுந்தது. அவன் கூட்டாளிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் சுற்றிப் பார்த்தான். மலையில் அத்தனை பேர் இருந்தோம். அவன் நேராக அத்தையிடம் வந்தான்.

"அக்கா, ஊக்கு இருக்குதா?"

"இருக்குது, இரு."

பை இறங்கியது. ஊக்கைத் தேடி எடுப்பதற்குள் ஒரு பெண்மணி தலைவலியோடு வந்தார். தைலம் வெளியே வந்தது. பிறகு மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு புதுமாப்பிள்ளை. எலுமிச்சம்பழம். அப்புறம் அழுகிற ஒரு குழந்தை வந்தது. என்னைப் பார்த்து, "வசம்பு வேணாம்னியே" என்றார் அத்தை. கடை விரித்த மாதிரி பாறைமேல் பொருள்கள் பரவிக் கிடந்தன. மேலே ஏறுகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் நின்று, வாங்கி, "ரொம்ப நல்லதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோரும் உச்சிக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். எங்களால் அந்தப் பாறையைத் தாண்ட முடியவில்லை. பொழுது சாய்ந்தது.

அத்தை பொருள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். உச்சியைப் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"பையைப் பாத்துட்டுத்தான் வர்றாங்க, இல்ல?" என்றார்.

நான் களைப்பில் இருந்தேன். "ஆமா அத்தை" என்று மட்டும் சொன்னேன். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று யோசிக்கவில்லை.

ஐப்பசியில் மழை விழுந்தது. மலைக்காரப் பெண் அங்கே வனத்துறை ஆபீசில் சொல்லி வைத்துவிட்டாள். கள்ளக்குறிச்சியில் வந்து கூட்டிப்போகிறேன் என்றாள். வியாழக்கிழமை காலை, புது ஷூவும் தொப்பியுமாக நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். என்னை வழியனுப்ப அம்மா வந்திருந்தாள். மாமா பையைத் தோளில் சுமந்துகொண்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தார். பின்னால் அத்தை. கையில் ஒரு துணிப்பை.

திண்டிவனம் பஸ் வந்தது. நான் பையைத் தூக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

"நீ இரு."

"இன்னா அத்தை?"

"நீ வந்தீன்னா உனக்குப் பசிக்குதா, குளுருதா, கால் வலிக்குதான்னே பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்குத் தெரியும்டி என்னைப் பத்தி." பிறகு பையை என் பக்கம் தள்ளினார். "இது உங்கிட்ட இருக்கட்டும். தெருவுல யாராச்சும் கேட்டா குடு."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, ஷூ வேறு புதிது. "அப்ப மேப்பை யாரு படிப்பாங்க?" என்று கேட்டேன். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் என் கையில் இருந்த உரிமை.

"மேப்பு எங்கிட்டதான் இருக்குது" என்று துணிப்பையைத் திறந்து காட்டினார். ஒரு புடவை. அதன்மேல் ஒரு பொட்டலம். போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று எங்கள் அளத்து உப்பைக் கட்டி வைத்திருந்தார். கட்டியிருந்த தாள் என் மேப். சமஉயரக் கோடுகளெல்லாம் உப்பைச் சுற்றி ஓடின.

அத்தை ஏறினார், பஸ் போய்விட்டது. மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். "என் பனியனை எங்க வெச்சான்னு கேக்க மறந்துட்டேனே" என்றார் மாமா.

அன்று மதியத்துக்குள் தெருவுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. "பாப்பா, அத்தை பை உங்கிட்டதான? செல் இருக்குதா?" "பாப்பா, நூல் இருக்குதா?" பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு பக்கம் முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்தேன். எங்கள் தெருக்காரர்கள் கூடுகிற அன்பிய ஜெபக்கூட்டத்துக்கு மெழுகுவர்த்தி கேட்டு வந்தவர்கள், தீப்பெட்டியும் கேட்டார்கள். மாமா மணிக்கொரு தடவை வந்து, "போன் போட்டியா? எடுத்தாளா?" என்றார். அங்கே டவர் கிடையாது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. "வெளியன்னா எங்க?" என்று மாமா அந்தக் குரலிடமே கேட்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நல்ல மழை. தார்ப்பாய் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நான் தூங்கவில்லை. எதிர்வீட்டிலும் விளக்கு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வருகிற நேரத்தில் அத்தை தெருமுனையில் வந்தார். துணிப்பை முதுகில் தொங்கியது. பையின் இரண்டு காதையும் தோளில் மாட்டியிருந்தார். கணுக்காலில் அட்டை கடித்த தழும்புகள். கன்னத்தில் ஒரு கீறல். கோணலும் மாணலுமாக நடந்தாலும் முகம் மட்டும் திருவிழா முடிந்து வருகிற முகம்.

தன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். நான் முதுகுப் பையை எடுத்து வந்து, மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபமாகத்தான் இருந்தேன், ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அங்க இன்னா இருந்துது அத்தை?"

"ஒண்ணுமே இல்லடி." பிரியாணியில் எத்தனை துண்டு கறி கிடைத்தது என்று சொல்கிற குரலில் சொன்னார். "ஒண்ணுமே இல்ல. மரம். அதுக்குப் பின்னால மரம். அந்தப் பொண்ணுகூடப் பேச மாட்டா. கஞ்சி வெச்சிக் குடுத்துட்டு அவ பாட்டுக்கு உக்காந்துக்குவா."

"வெள்ளிக்கெழம மழை பேஞ்சுதே. கொட்டாய் இருந்துதில்ல?"

"கூரை பாதி பிச்சிக்கிச்சு."

"ஐயோ, அப்பறம்?"

"நனைஞ்சோம்."

"தார்ப்பாய் இல்லாம…"

"இல்லேன்னா இல்ல. நனைஞ்சா காயப்போறோம்." சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

உள்ளே மாமாவுக்கு அவர் வந்தது தெரிந்துவிட்டது. வெளியே வந்து பார்க்கவில்லை. மூன்று நாளாக வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தவர், இப்போது கட்டிலில் படுத்தபடி, ஒன்றுமே நடக்காத மாதிரி குரல் கொடுத்தார்.

"ஏய், தைலம் இருக்குதா? இடுப்பு புடிச்சிக்கிச்சு."

தண்ணீர்க் குழாயில் நின்ற பெண்கள் திரும்பினார்கள். பழக்கத்தில் என் கை ஜிப்பைத் தேடிப் போனது. அத்தை என் கைமேல் தன் கையை வைத்தார். மூன்று டப்பா தைலமும் என் மடியில் இருப்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இல்ல" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

சொன்ன பிறகு, புதிதாக ஏதோ ஒன்றை வாயில் போட்டுச் சுவை பார்க்கிறவர் மாதிரி ஒரு தடவை சப்புக்கொட்டினார். உள்ளே மாமா எழுந்து அலமாரியில் டப்பாக்களை உருட்டும் சத்தம் கேட்டது.